ரீடிங் எடுக்க வந்தவர்

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு பல்பும் ஒரு மின்விசிறியும்தான். அதற்கு ரீடிங் எடுக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அடுத்த தெருவில் மாவு மில் வைத்திருந்தவர் வீட்டில்கூட இரண்டே நிமிஷம்தான். மீட்டரைப் பார்ப்பார், அட்டையில் எழுதுவார், கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் வண்டியை உருட்டிக்கொண்டுபோய் வேப்பமர நிழலில் நிறுத்துவார். வண்டி நிழலுக்குப் போனாலே நான் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நாகலாபுரத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்குள் எங்கள் ஊர். விளாத்திகுளம் மின்சார ஆபீசிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் வருவார். குடியிருந்தது கோவில்பட்டியில். பிறந்த ஊர் ஆற்றங்கரைப் பக்கம். ஐம்பது வயதை நெருங்கிய ஒல்லியான ஆள். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு நோட்டு. ஒன்று ஆபீஸ் நோட்டு. பழுப்பு அட்டை போட்ட இன்னொன்று அவருடைய கதை நோட்டு.

ராஜா காலத்துக் காதல் கதை எழுதுகிறவர் அவர். வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்துகொண்டிருந்தது. எழுநூறு வருஷத்துக்கு முந்தி பாண்டிய ராஜாவுக்கு அரபு நாட்டிலிருந்து கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகின்றன. அவற்றைக் கடற்கரையிலிருந்து மதுரைக்கு ஓட்டிப் போகிறான் ஒரு படைவீரன். வழியில் கரிசல் காட்டில் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி. கதை இவ்வளவுதான். ஆனால் ஒரு வரியைக்கூட அவர் யாரையும் கேட்காமல் எழுதமாட்டார்.

"ராஜா பேரு கல்வெட்டுல இருக்கும் மாப்ள. ஆட்டுக்காரி சாயங்காலம் என்ன தின்னான்னு எந்தக் கல்லுல இருக்கு? அதை ஆளக் கேட்டுத்தான் எழுதணும்" என்பார். என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் நான் அவருக்கு மாப்பிள்ளை.

குதிரைக்காரன் கதை எழுதுகிறோம், குதிரையில் ஏறிப் பார்க்காமல் எப்படி எழுதுவது என்று ஒரு தடவை அவருக்குத் தோன்றிவிட்டது. கோவில்பட்டியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் ஒருவரைப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதன் முதுகில் ஊரைச் சுற்றியிருக்கிறார். மூன்றாம் நாள் எங்கள் ஊருக்கு ரீடிங் எடுக்க வந்தபோது காலை அகட்டி அகட்டி நடந்தார். உட்காரப் பலகை போட்டால் வேண்டாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, எங்கயும் விழுந்துட்டீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"விழல தங்கச்சி. குதிரைய விட்டு எறங்குனவன் எவனும் காதல் வசனம் பேசமாட்டான். தண்ணிதான் கேப்பான். நாலு பக்கம் வசனத்தை அடிச்சுட்டேன்."

அவள் சிரித்தாள். தீப்பெட்டிக் கம்பெனி வேன் வந்து போட்டுவிட்டுப் போகும் அட்டையை ஒட்டிப் பெட்டியாக்குவது அவள் வேலை. கை ஒட்டிக்கொண்டே இருக்கும், வாய் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். கல்யாணம் ஆகும்வரை ஆட்டுக்குப் பின்னால் திரிந்தவள். அவர் தேடிக்கொண்டிருந்த ஆட்டுக்காரி அவர் கண்முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

நானும் ஆடு மேய்த்த குடும்பம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போனவன்தான். என்னையும் முதலில் இரண்டொரு தடவை கேட்டுப் பார்த்தார். "ஆமா" என்பேன், "இல்ல" என்பேன். அதை வைத்து ஒரு மனிதர் என்ன எழுதமுடியும்? கேட்பதை விட்டுவிட்டார். நான் உள்ளறையில் பருத்தி விதையைப் புடைப்பதுபோல் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருப்பேன். தாயில்லாத குட்டியை அவள் மடியில் போட்டுச் சங்கில் பால் புகட்டியது, மேகம் கறுத்தால் ஆட்டுக்கு முன்னால் அவளுக்கே நடுக்கம் வந்துவிடுவது, எல்லாம் அப்படிக் கேட்டதுதான். இடி என்றால் அவளுக்குப் பயம் என்பது பத்து வருஷம் கூடவே வாழ்ந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் அதைப் பழுப்பு நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைக்காரர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார். "ஏலே, ஒம் வீட்டு மீட்டரு என்ன தெலுங்குலயா ஓடுது? அவரு எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்க இவ்வளவு நேரம் ஆவுது!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயை ஆற்றாமல் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டேன்.

அவர் மேல் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. அது எனக்கும் தெரியும். கண்ணைக் கதை நோட்டிலேயே வைத்திருப்பார். காப்பி கொடுத்தால் ஆறிப்போகும். தப்பு இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், மனசும் ஆறியிருக்கும். அதுவும் இல்லாததால் பொறாமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு தடவை என் மிளகாயையும் அவர் விட்டுவைக்கவில்லை. கதையில் ஆட்டுக்காரி வீட்டு வாசலில் வற்றல் காய்வதாக எழுதியிருந்தார். அதைப் பிறகு அடித்துவிட்டேன் என்றார். ஏன் என்றாள் என் மனைவி.

"எழுநூறு வருசத்துக்கு முந்தி மிளகா ஏது? வெளிநாட்டுக்காரன் கப்பல்ல கொண்டாந்ததுலா. அதுக்கும் எரநூறு வருசம் கழிச்சு வந்தது. மிளகுதான் அன்னைக்கு ஒறைப்பு."

நான் உள்ளறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டேன். "எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் மிளகாதான போட்டாவ?"

"ஒங்க பூட்டன் போட்டிருப்பாரு மாப்ள. அவரு பூட்டன் போட்டிருக்கமாட்டாரு."

"அப்ப நம்ம காட்டுல என்னதான் வெளஞ்சுது?"

"பருத்தி இருந்திருக்கு. கம்பு இருந்திருக்கு. பயப்படாதீங்க, ஒங்க காட்டை நான் தரிசாப் போடல."

இதற்கும் அவள் சிரித்தாள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த வருஷம் மிளகாய்க்கு நல்ல விளைச்சல். களத்தில் சிவப்பாகக் காய்ந்து கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் அது வெளியூரிலிருந்து வந்து தங்கிய சரக்கு மாதிரியே எனக்குத் தெரிந்தது.

இன்னொரு நாள் காட்டுக்கே வந்துவிட்டார். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று குதிரைக்காரன் கூப்பிட்டால் அந்தப் பக்கம் ஆட்டுக்காரிக்குக் கேட்குமா என்று பார்க்கவேண்டுமாம். எங்கள் பருத்தியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மூன்று காட்டுக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, என்னைக் கூப்பிடச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் வாயைத் திறந்தேன். பக்கத்துக் காட்டில் நாலு பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"ஏங்க, கூப்பிடுங்களேன்! வெயில்ல அவரு நிக்காருல்ல" என்றாள் என் மனைவி.

திரும்பவும் வாயைத் திறந்தேன். களைவெட்டுக்காரி ஒருத்தி, "கொட்டாவி விடுதாரு போலருக்கு" என்றாள்.

என் மனைவி களைக்கொத்தைக் கீழே போட்டாள். வாயோரம் கையைக் குவித்து, "ஏலே... குதிரைக்காராஆ!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. தூரத்தில் அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பிறகு பருத்திச் செடிகளுக்குள் விழுந்தடித்து ஓடிவந்தார்.

"கேட்டுச்சு தங்கச்சி! அப்ப கூப்பிடுதது அவன் இல்ல. அவதான் கூப்பிடுதா. கதையையே மாத்தப் போறேன்."

மாற்றியும் விட்டார். அடுத்த இதழில் ஓடைக்கரையில் நின்று அந்தப் பெண்தான் கூப்பிட்டாள். என் வாய் அடைத்ததால் பாவம், குதிரைக்காரன் வாயையும் அடைத்துவிட்டார்.

அந்தப் பத்திரிகையைப் படித்தது நான்தான். என் மனைவி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. முடிவெட்டும் கடையில் எல்லாரும் படித்துப் போட்ட பிறகு, ஒரு வாரம் கழித்து வாங்கிவருவேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பேன். அவள் பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்பாள். ஒழுங்காகப் படிக்கவும், பிறகு எழுதவும் எனக்கு வந்தது அந்தத் தொடரால்தான். அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் படித்தது என்ன? "உன்னைப் பார்த்த கண்ணால் இனிக் கடலைப் பார்க்கமாட்டேன்" என்று குதிரைக்காரன் சொல்வான். அதை நான் என் மனைவியின் முகத்துக்கு நேரே, ரேஷன் கார்டைப் படிப்பதுபோல் படிப்பேன்.

"அந்த எடத்த இன்னொரு தடவ படிங்க" என்பாள்.

இன்னொரு தடவை படிப்பேன். சொன்னது என் வாய். அவள் கேட்டது குதிரைக்காரனை.

அப்படித்தான் ஒரு வாரம் அந்த மழைக் கட்டம் வந்தது. ஐப்பசி மழையில் கரிசல் நனைந்து கிடக்கிறது. எங்கள் மண்ணைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டாம். நனைந்துவிட்டால் ஒவ்வொரு எட்டுக்கும் காலில் மண் அப்பிக்கொண்டே போகும். பத்து எட்டு வைத்தால் காலைத் தூக்கமுடியாது. கதையில் அந்தப் பெண் அப்படி நடுக்காட்டில் நிற்கிறாள். குதிரைக்காரன் இறங்கி வருகிறான். மண்டி போட்டு அவள் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொள்கிறான். குறுவாளின் பக்கவாட்டால் மண்ணை மெதுவாக, வாழைப்பழத்தில் தோல் உரிப்பதுபோல் வழித்து விடுகிறான்.

படித்து முடித்து நிமிர்ந்து பார்த்தேன். பசை தடவிய அட்டை அவள் கையில் அப்படியே காய்ந்திருந்தது. அந்த வாரம் மட்டும் அவள் திரும்பப் படிக்கச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனியன். கேட்காமல் ஒரு வரி எழுதாத மனிதர் இதை யாரைக் கேட்டு எழுதினார்? ஆற்றங்கரைக்காரருக்கு இது தெரியாது. முதல் தடவை மழைக்காலத்தில் எங்கள் ஊருக்கு வந்தபோது, கிலோக்கணக்கில் மண் அப்பிய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க ஊர்ச் சேறு தண்ணி பட்டா போயிரும், இது என்ன சொந்தக்காரன் மாதிரி ஒட்டிக்கிடுது?" என்று முழித்தவர். இப்படிக் காலைச் சுரண்டி விடுவது இங்கேயே வளர்ந்தவர்கள்தான் சொல்லமுடியும். சொன்னது என் மனைவி. சரி, அவள் காலைச் சுரண்டியது யார்? நான் இல்லை. நாங்கள் சேர்ந்து மழையில் நடந்தால் நான் முன்னால் போய்விடுவேன், அவள் பின்னால் வருவாள். எங்கள் ஊரில் எல்லாரும் நடப்பது அப்படித்தான்.

பொறாமை அவரை விட்டுக் குதிரைக்காரன் மேல் போயிற்று. எவனோ ஒருத்தன் என் மனைவியின் காலைத் தொடையில் வைத்திருக்கிறான். அவன் யார், அவளுக்கு அவன் மேல் என்ன இருந்தது, இப்போதும் இருக்கிறதா? சாப்பிடும்போது இதே நினைப்பு. உழும்போது இதே நினைப்பு. அவளைக் கேட்க எனக்கு நா எழவில்லை. ஒருமாத காலம் இப்படிப் போனபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளம் போய்க் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

அவர் வீட்டில் கதவு திறந்திருந்தது. உள்ளே கண்ணாடிக்கு முன்னால் நின்று நீளமான துணி ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டிருந்தார். படைவீரன் தலைப்பாகைக்கு எத்தனை முழம் வேண்டும் என்று பார்க்கிறாராம்.

"வாங்க மாப்ள, நல்ல நேரத்துக்கு வந்தீங்க! அந்த முனைய விறைப்பாப் பிடிங்க."

பிடித்தேன். அவர் சுற்றிச் சுற்றித் திரும்பினார். அவர் முகம் அந்தப் பக்கம் இருந்தபோது எனக்குப் பேச்சு வந்தது.

"அண்ணாச்சி, அந்தக் கால்ல மண்ணு சுரண்டுத எடம்..."

"ஆமா."

"அதை யாரு சொன்னா?"

துணி நின்றது. அவர் உடனே திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"யாரும் சொல்லல மாப்ள. நானா எழுதுனேன்."

"நீங்கதான் கேக்காம எழுதமாட்டீங்களே."

"அந்த ஒரு எடத்துல எழுதிட்டேன். கேவலந்தான். வெளிய சொல்லிராதீங்க."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "என்னது, இவிய சொந்தமா எழுதுனாவளா? குதிரைமேல ஏறி முதுகு பிடிச்சு, எண்ணெ தேச்சுவிட்டே என் கை தேஞ்சு போச்சு. இப்படிச் சொந்தமா எழுத முடியும்னா மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?"

அவர் பாதித் தலைப்பாகையோடு குனிந்து நின்றார். காது சிவந்திருந்தது. அவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். காப்பி குடித்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

சந்தோஷம் நாலு நாள்தான் நின்றது. ஒரு வரிக்காகக் குதிரை ஏறியவர், ஒரு வற்றலுக்காக அத்தியாயத்தைத் திருத்தியவர், அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்வாரா? ஐந்தாம் நாள் மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு வரிசை. அவள் முகம் செடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"அந்தச் சேறு சுரண்டுன எடம்... அது அவரு கற்பனையாம்" என்றேன்.

"அவரா சொன்னாரு? ஒங்கட்டயா?" என்றாள். பிறகு, "பாவம்" என்றாள்.

"பொய்யா?"

"நாந்தான் சொன்னேன். எங்க மாமா மவன். எனக்குப் பதினாறு வயசு இருக்கும். அவனுக்குத்தான் என்னக் கட்டிக் குடுக்கதா இருந்துச்சு. அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் மேய்ச்சல் தகராறு வந்து பேச்சு நின்னுபோச்சு. அவன் பம்பாய்ல புள்ளகுட்டியோட இருக்கான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு கேட்டாரு, சொன்னேன். பதினொரு வருசமா நீங்க என்ன கேட்டிருக்கீங்க? சோறு ஆச்சான்னு கேட்டிருக்கீங்க."

இரண்டு பேரும் பழத்தை எடுத்துக்கொண்டே போனோம். வரிசை முடியப் போகிற இடத்தில் நான் கேட்டேன்.

"நல்லா... சுரண்டுனானா?"

அவள் கூடையை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "எங்க! கதிரறுக்குத பண்ணருவா வச்சுச் சுரண்டுதேன்னு திருப்பிப் பிடிச்சுட்டான். காலு கிழிஞ்சு ஒரே ரத்தம். வலி தாங்காம அவன் மண்டையில ஓங்கி ஒண்ணு போட்டேன். அழுதது அவந்தான்!"

இடது காலை நீட்டிக் காட்டினாள். பாதத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முள் கீறியது என்று நினைத்திருந்தேன்.

"இத அவருகிட்ட சொன்னியா?"

"இல்ல. சுரண்டி விட்டான்னு சொன்னதோட அவரு நோட்ட மூடிட்டாரு. அதுக்கு மேல கேக்கல."

கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்றும் தெரிந்திருந்தது. தன் மானத்தைக் கொடுத்து அவளுக்காகப் பொய்யும் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் நான் இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு ஓடியதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பழுப்பு நோட்டில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. மாமா மகன் மேல் வந்த பொறாமைகூட அந்த நினைப்பில் பாதி அடங்கிவிட்டது.

தொடர் முடிந்து அதைப் புத்தகமாகப் போட ஒருவர் முன்வந்தார். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதற்கு முன், பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டிய தாள்களோடு அவர் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் என் மனைவியிடம் போகவில்லை. பலகையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"பத்திரிகைன்னா ஒரு வாரத்துல வடைய மடிச்சிருவான் மாப்ள. புஸ்தகம் அப்படி இல்ல, தப்பு இருந்தா நின்னுபோவும். ஒரு வரி விடாமப் படிச்ச ஆளு நீங்கதான். எங்கயாவது இடிக்குதா சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட பெரிய கேள்வி அது. ஆட்டுக் குட்டிக்குப் பால் புகட்டும் இடத்தில் ஒன்று சொன்னேன். திருத்திக்கொண்டார். கம்பு அறுப்பு மாதத்தை மாற்றச் சொன்னேன். மாற்றினார். பிறகு அந்த மழைக் கட்டத்துத் தாளை எடுத்தார். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"இதுல மட்டும் எனக்கு ஒரு உறுத்தல். கத்திய வச்சுச் சுரண்டுனா இவ்வளவு சுத்தமாவா வரும்? தோல் கிழியாதா?"

பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். கொஞ்சம் தள்ளி என் மனைவி பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"கிழியாது அண்ணாச்சி. பைய சுரண்டுனா வந்துரும். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவர் ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார். என் மனைவி நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் வந்தது. நன்றாக விற்றது என்றார்கள். அதில் அந்தப் பெண்ணின் காலில் இன்றைக்கும் ஒரு கீறல் கிடையாது.